மண்ணுக்குத் திரும்பும் இரும்பு

சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் சரிவுகளில் கறுத்துக் கனத்துக் கிடக்கும் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர், அதற்குள்ளே கலப்பைக் கொழுவும் கதவுத் தாழ்ப்பாளும் தண்டவாளமும் அடங்கியிருப்பதாக எளிதில் எண்ண மாட்டார். இரும்பும் பிராணவாயுவும் யுகயுகமாகப் பிரியாமல் கூடியிருக்கும் தாதுவே அந்தக் கல். அந்தக் கூட்டைப் பிரிப்பதற்குக் கரியைச் சேர்த்து, ஊதுலையில் 1,500 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு உஷ்ணத்தை ஏற்றி, பிராணவாயுவைக் கரியோடு போகும்படி செய்யவேண்டியிருக்கிறது. இவ்வாறு வலிந்து ஊட்டப்பட்ட சக்தியைத் தன்னகத்தே தேக்கிக்கொண்டுதான் இரும்பு நம்முடைய கைக்கு வருகிறது. நீரும் காற்றும் ஒருங்கே கிடைத்த மாத்திரத்தில் அச்சக்தியைக் கைவிட்டுப் பூர்வ நிலைக்குத் திரும்பவே அது முயலுகிறது. துரு என்று நாம் வெறுத்துச் சுரண்டியெறியும் செம்பொடியின் ரசாயன அமைப்பு, செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்புச் சேர்மங்களின் அமைப்பை மிக நெருங்கியது.

தங்கத்தையும் பிளாட்டினத்தையும் போன்ற ஓரிரண்டு உலோகங்களைத் தவிர, மற்றவற்றுக்கெல்லாம் இந்த ஸ்வபாவம் பொதுவானது. ஆதலால் உலோக அரிப்பை அடியோடு ஒழிக்கும் உபாயம் ஒன்று எங்கேனும் அகப்படும் என்று எதிர்பார்ப்பது வீண். கடந்த இருநூறு ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்த காவல் முறைகளுள் தலைசிறந்தவை இரண்டே இரண்டு வகை என்பது என் அபிப்பிராயம்: அரிப்பை நாம் தேர்ந்தெடுத்த இடத்துக்குத் திருப்பிவிடுவது ஒன்று, அரிப்பின் விளைபொருளைக் கொண்டே அரிப்புக்குத் தடை போடுவது மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வாறு கைகூடின என்பதை அறிவதற்கு முன்னால், இரும்பு எவ்வழியில் கரைகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும்.

கொதிக்கவைத்துக் காற்றைப் போக்கிய நீரில் பளபளப்பான ஆணி ஒன்றை இட்டு, மேலே எண்ணெயை மிதக்கவிட்டு மூடிவைத்தால் அந்த ஆணி பல நாள் மாசுபடாமல் இருக்கும். ஈரத்தை முற்றிலும் உறிஞ்சிவிட்ட காற்றில் வைத்தாலும் அப்படியே. நீரும் காற்றும் இரண்டும் வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கும் பாடம். ஆனால் அவை இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது நெடுங்காலம் தெளிவுபடாமலே இருந்தது. காற்றிலுள்ள கரியமிலவாயுவே மூல காரணம் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய அறிஞர் பலர் நம்பினார்கள். அமெரிக்க ரசாயன அறிஞரான விட்னி, இது ஒரு மின்சாரச் செயல் என்று 1903-ல் எடுத்துரைத்தார். அந்தக் கருத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டிய பெருமை, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் தம் ஆயுளையே இந்த ஆராய்ச்சிக்கு ஒப்படைத்த யூ. ஆர். எவன்ஸைச் சாரும்.

எவன்ஸின் பரிசோதனைக்கு வேண்டியவை மெருகேற்றிய இரும்புத் தகடு ஒன்றும் உப்புநீர்த் துளி ஒன்றுமே. துளியில் அவர் இரண்டு பொருள்களைச் சிறிதளவு கலந்து வைத்தார். கரைந்துவரும் இரும்பைக் கண்டால் நீலமாகும் தன்மை ஒன்றுக்கு. காரத்தைக் கண்டால் இளஞ்சிவப்பாகும் தன்மை மற்றொன்றுக்கு. துளியைத் தகட்டின்மீது வைத்த சிறிது நேரத்தில், தகட்டை மெருகிட்டபோது உண்டான நுண்ணிய கீறல்களை ஒட்டி, நீலப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் அங்கங்கே சிதறித் தோன்றுகின்றன. பொறுமையோடு பார்த்துக்கொண்டே இருந்தால் அச்சிதறல் மெல்ல மெல்ல ஒழுங்குபட்டு, துளியின் நடுவில் நீலமும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமுமாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, செம்பழுப்பு நிறத்தில், துரு வட்டமாகப் படியத் தொடங்குகிறது.

இதன் பொருளாவது: துளியின் நடுவில் இரும்பின் அணுக்கள் தம்முடைய எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன, விடப்பட்ட எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடுகின்றன, அங்கே, காற்றிலிருந்து இடைவிடாமல் வந்து கரையும் பிராணவாயு அவற்றைப் பெற்றுக்கொண்டு, நீரோடு சேர்ந்து காரமாகிறது. நடுவிலிருந்து வரும் இரும்பும் விளிம்பிலிருந்து வரும் காரமும் சந்திக்கும் இடத்தில் துரு பிறக்கிறது. ஒரு துளி நீருக்குள்ளே முழுமையான ஒரு மின்கலம் இயங்குகிறது என்று சொல்வது அலங்காரமில்லாத உண்மை. உப்பு இந்த இடத்தில் என்ன செய்கிறதென்றால், நீரில் மின்சாரம் தடையின்றி ஓட வழி செய்கிறது. கடற்கரையில் இரும்பு விரைவில் அழிவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

ஆனால் இந்தப் பரிசோதனையில் என்னை எப்போதும் ஆச்சரியத்தில் ஆழ்த்துவது வேறொன்று. பிராணவாயுவே துருவுக்குக் காரணம் என்றால், பிராணவாயு மிகுந்த விளிம்பிலன்றோ இரும்பு கரையவேண்டும்? அதற்கு மாறாக, பிராணவாயு தீர்ந்துபோன நடுவிடத்தில்தான் இரும்பு கரைகிறது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு, தொழிற்சாலையிலும் வீட்டிலும் காணும் எத்தனையோ விசித்திரங்கள் விளங்கிவிடும். தகடுமேல் தகடு படிந்த இடுக்கிலும், தறையாணித் தலையின் கீழும், சேறு ஒட்டிய பக்கத்திலும், ஈரச் சாக்கு கிடந்த இடத்திலும் இரும்பு குழி விழுந்து போவது இதனாலேதான். வெளியே பார்க்கும்போது வர்ணம் பளிச்சென்று இருக்க, காற்றுப் புகாத மூலையில் உலோகம் பாதியாகத் தேய்ந்திருக்கும்.

இனி, அரிப்பைத் திருப்பிவிடும் வித்தைக்கு வருவோம். வெப்பக் கடல்களில் மரக்கப்பலின் அடியைத் துளைத்துத் தின்னும் புழுவுக்கு அஞ்சி, பிரிட்டிஷ் கடற்படையார் 1761-ல் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று வந்த அக்கப்பலைப் பிறகு பரிசோதித்தபோது, செம்பு பழுதில்லாமல் இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பாணிகளோ கரைந்து கூழாகி, தகடுகள் பல இடங்களில் கழன்று போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றை உற்றுப் பார்த்தபோது, தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதத்தின் கிழிசல் ஆணித்தலைக்கும் செம்புக்கும் இடையே சிக்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. இரண்டு உலோகங்களும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், எளிதில் கரையும் தன்மையுள்ளது தனித்திருப்பதைவிட விரைவாகக் கரையும் என்னும் உண்மையை, வோல்டா தம் மின்கலத்தை உலகுக்கு அறிவிப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காகிதத் துண்டு சொல்லிவிட்டது.

அந்த அழிவைக் காவலாக மாற்றலாம் என்று கண்டவர் சர் ஹம்ப்ரி டேவி. செப்புத் தகடுகளும் கடல்நீரில் நாளடைவில் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி கேட்டது கடற்படை. இரும்பைப் பலிகொடுத்துச் செம்பு பிழைத்ததென்றால், வேண்டுமென்றே செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ பொருத்திவிட்டால் செம்பு பிழைக்குமல்லவா என்று டேவி தர்க்கம் செய்தார். 1824-ல் ராயல் சங்கத்தில் அவர் படித்த கட்டுரைகளின்படி, செம்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள துத்தநாகமே அதைக் காக்கப் போதுமானதாக இருந்தது. கப்பல்களில் பொருத்திப் பார்த்தார்கள். செம்பு சற்றும் தேயவில்லை. ஆயினும் திட்டம் தோற்றது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து கடல்நீரில் கலப்பதுதான், நஞ்சாக நின்று, கப்பலடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் காத்துவந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கரைவது நின்றதும் அவை அடர்ந்து படர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. கடற்படையார் காவல் துண்டுகளைக் கழற்றிவிடும்படி உத்தரவிட்டார்கள். டேவியைப் பலர் பரிகசித்தார்கள். ஆனால் அவருடைய தர்க்கத்தில் குறையேதும் இல்லை. இன்று எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளையும், மண்ணில் புதைத்த எண்ணெய்க் குழாய்களோடு மக்னீசியக் கட்டிகளையும் இணைத்து வைப்பது, டேவி வகுத்த முறையேயன்றி வேறில்லை.

அலாரம் கப்பல் கற்பித்த பாடம் பின்வந்தவர்களுக்குத் தெரியாததன்று. 1886-ல் நியூயார்க் துறைமுகத்தில் நிறுவிய சுதந்திர தேவி சிலைக்குச் செப்புத் தோலும் இரும்பு எலும்புக்கூடும் வைத்தவர்கள், இரண்டும் தொடாதபடி அரக்குத் தோய்த்த கல்நாரை இடையிலே வைத்தார்கள். காலப்போக்கில் கல்நார் நைந்து உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, காவலாக வைத்ததே அரிப்புக்கு ஊற்றுக்கண் ஆயிற்று. துரு, தான் பிறந்த இரும்பைப் போலப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. அது பருத்துத் தள்ளியதில் செம்பைப் பிடித்திருந்த தறையாணிகள் பெயர்ந்துபோயின. நூற்றாண்டு விழாவுக்காக 1984 முதல் 1986 வரை நடந்த புதுப்பித்தலில் அந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு எவர்சில்வர்ப் பட்டைகளை வைத்தார்கள்.

நம் வீடுகளில் புழங்கும் துத்தநாக வாளியிலும் டேவியின் தத்துவமே இருக்கிறது. அமிலத்தில் கழுவித் துடைத்த இரும்புத் தகட்டை, சுமார் 450 டிகிரி உஷ்ணத்தில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு, சோரல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1837-ல் உரிமை பெற்றார். வாளியின் வெளிப்புறத்தில் பூவிதழ்களைப் பரப்பியதுபோல் தெரியும் படிகக் கோலம், துத்தநாகம் ஆறி இறுகியபோது அமைந்தது. கிணற்றுச் சுவரில் மோதி வாளியில் ஒரு கீறல் விழுந்தாலும், சுற்றிலுமுள்ள துத்தநாகம் முதலில் கரைந்து, வெளியே தெரியும் இரும்பைக் காக்கிறது. பிஸ்கோத்து டப்பாவின் கதை இதற்கு நேர் எதிரானது. அதற்குப் பூசியிருப்பது வெள்ளீயம். காற்றிலும் மழையிலும் அது இரும்பைவிடக் கரைவதற்குத் தயங்கும். பூச்சு முழுமையாக இருக்கும்வரை டப்பா பத்திரம்; ஓரிடத்தில் கீறல் விழுந்தாலோ இரும்பே பலியாகிறது, அதுவும் வெறும் இரும்பைவிட வேகமாக.

வர்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது சொற்பம். வர்ணம் நீரையும் காற்றையும் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது. வர்ணத்தின் விலையைவிட, அதைப் பூசுவதற்கு முன் பழைய துருவையும் உப்பையும் எவ்வளவு சிரத்தையோடு சுரண்டிக் கழுவினார்கள் என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. துருவின் மேலேயே பூசிய வர்ணம், துருவை மறைத்துவைக்க மட்டுமே உதவும்.

இரண்டாவது வகைக் காவல் இன்னும் நுட்பமானது. நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் பொங்கிக் கரையும் இரும்பு, அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் அமைதியாக இருந்துவிடுகிறது. அது மட்டுமல்லாமல், அங்கிருந்து எடுத்து நீர்த்த அமிலத்தில் மெதுவாக இட்டாலும் கரைய மறுக்கிறது. இதை ஸ்விட்சர்லாந்திலிருந்து ஷோன்பைன் என்பவர் எழுதித் தெரிவித்தபோது, மைக்கேல் பாரடே 1836-ல் தாமே ஆராய்ந்து, இரும்பின் மேற்பரப்பில் பிராணவாயு சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று உண்டாகியிருக்கவேண்டும் என்று ஊகித்தார். கண்ணுக்குத் தெரியாத படலத்தை யார் நம்புவார்கள்? ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 1927-ல், இரும்பை அடியிலிருந்து கரைத்துவிட்டு அப்படலத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் காட்டியவரும் உப்புநீர்த் துளியை ஆராய்ந்த அதே எவன்ஸ்தான்.

இரும்பின்மேல் சாதாரணமாகப் படியும் துரு, பொருபொருவென்று உதிர்வதும் ஈரத்தைப் பிடித்துவைப்பதுமாக இருப்பதால் காவலுக்கு உதவாது. அலுமினியத்துக்கும் குரோமியத்துக்கும் வாய்த்த படலமோ நெருக்கமானது, இறுக ஒட்டுவது. புண்ணின்மேல் பொருக்குக் கட்டுவதுபோல், கீறிவிட்டாலும் காற்றுப்பட்ட கணத்தில் மீண்டும் உண்டாகிவிடுவது. இரும்போடு நூற்றுக்குச் சுமார் பதினொரு பங்கு குரோமியத்தைக் கலந்துவிட்டால் குரோமியத்தின் இந்தக் குணம் இரும்புக்கும் வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரேர்லி, 1913 ஆகஸ்டில் 12.8 சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகை உருக்கி வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அதன் துண்டுகளை அமிலத்தில் அரிக்கவிட்டபோது அவை அரிபட மறுத்தன; வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அவற்றில் கறை ஏற்றவில்லை. கத்தித் தொழிலுக்கே பேர்போன ஊரில் பிறந்து வளர்ந்தவராதலால், துப்பாக்கியைவிடச் சாப்பாட்டு மேஜைக் கத்திக்கே இது உகந்தது என்று அவர் உடனே உணர்ந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் குருப் ஆலையில் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த எஃகு உருவாயிற்று. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட அந்த வழிமுறையில் வந்ததே நம் சமையலறைகளில் பித்தளையின் ஆட்சியை முடித்துவைத்த எவர்சில்வர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு கனமே உள்ள படலம்தான், சாம்பாரின் புளிப்பிலிருந்து அந்தப் பாத்திரத்தைக் காத்துநிற்கிறது.

டெல்லியில் குதுப் மினாருக்கு அருகிலுள்ள குப்தர் காலத்து இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக அழியாமல் இருப்பதும் படலத்தின் மகிமையாலேயே. அதைத் துருவே பிடிக்காத மாய உலோகம் என்று புகழ்வது, அதை அடித்துச் செய்த கருமாரின் திறமைக்கு நியாயம் செய்வதாகாது. அவர்கள் கரியைக்கொண்டு உருக்கிய இரும்பில், இக்காலத்து எஃகில் இருப்பதைவிடப் பல மடங்கு பாஸ்வரம் தங்கிவிட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இத்தூணை நெடுநாள் ஆராய்ந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், அந்தப் பாஸ்வரம் துருவோடு சேர்ந்து, இரும்பை ஒட்டி நெருக்கமான ஓர் உப்புப் படலமாக அமைந்திருப்பதை எடுத்துக் காட்டினார். டெல்லியின் வறண்ட காற்றும் துணைசெய்தது. மண்ணில் புதைந்திருந்த அடிப்பாகம் அரிபட்டேயிருந்தது.

உலோகங்களைக் கலப்பதால் வரும் நன்மைகளை மட்டும் சொல்லி, கலப்பில் பிறக்கும் புதிய பலவீனங்களைச் சொல்லாமல் விடுவது தகாது. அலுமினியத்தில் நூற்றுக்கு நாலு பங்கு செம்பைச் சேர்த்து ஆல்ப்ரெட் வில்ம் என்னும் ஜெர்மானியர் உண்டாக்கிய டூராலுமின், விமானத் தொழிலுக்கே அஸ்திவாரமாக அமைந்த வலிமை பெற்றது. செம்பு சேர்ந்ததாலேயே அலுமினியத்தின் இயற்கைக் காவலில் பெரும்பகுதியை இழந்தது. பின்னால் அதன் இருபுறமும் தூய அலுமினியத்தையே தோலாகப் போர்த்தவேண்டி வந்தது.

பித்தளையின் கதை இதைவிட விரிவானது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறும் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால், கரி அடுப்பில் பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரப் பொடியைத் தூவி, வெண்புகை எழும்பும்போதே வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றித் தேய்ப்பார். மங்கிக் கிடந்த உட்புறம் வெள்ளியாக மாறும். உலோகத்தின்மேலுள்ள களிம்பைத் தின்று, ஈயம் ஒட்டுவதற்குச் சுத்தமான பரப்பைத் தருவது நவச்சாரத்தின் வேலை. நவச்சாரம் காய்ந்தால் எழும் ஆவிகளில் ஒன்று அம்மோனியா. அந்த அம்மோனியாதான் வேறோர் இடத்தில் பித்தளைக்கு எமனாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் இருந்த படைகளின் துப்பாக்கித் தோட்டாக்களுடைய பித்தளை உறைகள், மழைக்காலம் வந்ததும், யாரும் தொடாமலே நீளவாட்டில் விரிசல் கண்டன. அவற்றைக் குதிரை லாயங்களை ஒட்டிச் சேமித்து வைத்திருந்தார்கள். லாயத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழைக்காலத்து ஈரமும், உறையைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் ஆகிய மூன்றும் கூடியதால் விளைந்த வெடிப்பு அது என்று, 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். உறைகளை மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடுவதே பரிகாரம்; அது இன்றளவும் கையாளப்படுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒருங்கே சோதனைக்குள்ளாகும் இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே இரு கடல்களின் உப்புக்காற்றையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நின்றது. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தறையாணியால் பிணைத்துக் கட்டுவதே அக்காலத்து வழக்கம்; அவ்வாறு பிணைத்த ஒவ்வோர் இடுக்கும் எவன்ஸின் துளி குடியிருக்க ஏற்ற இடம். சுரண்டுவதும் வர்ணமடிப்பதும் ஓயாத வேலையாக இருந்தும், 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டுவதை நிறுத்தவேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இணைப்புகளைப் பற்றவைப்பால் முடித்து இடுக்குகளைக் குறைத்திருக்கிறார்கள். எஃகின்மேல் பாலிசிலாக்சேன் என்னும் பூச்சைத் தந்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் துருவேறா எஃகுக் கம்பிகளை வைத்திருக்கிறார்கள்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு ஏன் இந்தக் காவல் என்று கேட்கலாம். சிமெண்டின் கடுமையான காரத்தன்மை, சாதாரணக் கம்பியின்மேலும் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கித்தான் வைக்கிறது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகளின் வழியே ஊறிக் கம்பியைச் சேர்ந்ததும் அப்படலம் அங்கங்கே உடைகிறது; உடைந்த புள்ளியில் துரு பிறந்து பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடற்கரை ஊர்களில் மாடத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுந்து கம்பி வெளியே தெரிவதைக் காணாதவர் இல்லை. கழுவாத கடல் மணலைக் கொண்டு கட்டிய வீட்டில், எதிரியைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிடுகிறோம். எவர்சில்வரும் குளோரைடுக்கு முற்றும் அஞ்சாததன்று. கடலோர வேலைக்கென்று அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மாலிப்டினத்தையும் சேர்ப்பது அதனால்தான்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாம்பனுக்கு இக்கரையிலுள்ள மண்டபத்தில் அரிப்புச் சோதனைக்கென்றே ஒரு நிலையத்தை வைத்திருக்கிறது. இத்தகைய நிலையங்களில் செய்யும் வேலை, பார்ப்பதற்கு மிக எளிது. எடை பார்த்த உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்திக் காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கழித்து எடுத்து, துருவை மட்டும் ரசாயனத்தால் அகற்றி, மீண்டும் எடை பார்க்கிறார்கள். குறைந்த எடையிலிருந்து, ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் கனம் உலோகம் போகிறது என்று கணக்கிடுகிறார்கள். அலையின் உப்புத் துவலை கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல வேகமாகக் குறைந்துவிடுவதால், கடலோரத்துச் சட்டத்தில் பெற்ற எண் ஊருக்குள் இருக்கும் சட்டத்துக்குப் பொருந்துவதில்லை. அலைமுகத்தில் நிற்கும் பாலத்துக்கு வேண்டிய பூச்சும், மதுரையில் வைகையின்மேல் நிற்கும் பாலத்துக்கு வேண்டிய பூச்சும் வேறுவேறாக இருப்பதற்கு அந்தத் தகடுகளே சாட்சி.